வெடிப்பு இல்லை

எங்கள் இயந்திரத்துக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. வாய் மட்டும் உண்டு. முப்பத்தொரு கேள்வி கேட்கும். சொன்ன பதிலை அப்படியே நம்பும். நம்பிவிட்டு ஒரு நிறத்தைச் சொல்லும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் மலை சரியப் போகிறது, எழுந்து ஓடு.

அதைச் செய்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. பெயர் நிலக்ஷி. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்து, கணினி படித்து, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். திட்டத்தின் தலைவர் சுகிர்தன் சேர், யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். செயற்கை நுண்ணறிவு என்றால் இன்று எல்லோரும் தானாகப் படித்துக்கொள்ளும் இயந்திரத்தின் பின்னால் ஓடுகிறார்கள். அவர் ஓடவில்லை. "ஆயிரக்கணக்கான மண்சரிவைக் காட்டினால்தான் அது படிக்கும். எங்களிட்ட ஒழுங்காப் பதிஞ்சது அறுபத்தெட்டுத்தான். மிச்சத்துக்கு என்ன செய்யிறது, மலையைச் சரியச் சொல்லிக் கேக்கிறதோ?" என்பார்.

அதனால் நாங்கள் நாற்பது வருடப் பழைய வழிக்குப் போனோம். நிபுணத்துவ முறைமை என்று அதற்குப் பெயர். விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலைக்குள் இருப்பதை 'இப்படி இருந்தால் இப்படி' என்று விதி விதியாக எழுதி இயந்திரத்துக்குள் போடுவது. ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விதி எழுதினார்கள். இயந்திரம் நாளைக்கே டொக்டராகிவிடும் என்று நம்பினார்கள். பிறகு களைத்துப் போய் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது: மனிதரின் வாயிலிருந்து அறிவை வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்ததாம். படித்துவிட்டுச் சிரித்தேன். வெள்ளைக்காரனுக்கு வேண்டுமானால் கஷ்டம், நான் லயத்துப் பிள்ளை, என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வார்கள் என்று நினைத்தேன். என் வாய்க்கொழுப்பு.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. வட்டகொடைக்கு மேலே கல்லருவித் தோட்டத்தில்தான் எங்கள் இயந்திரம் முதன்முதலாகப் பரீட்சைக்கு வைக்கப்பட்டிருந்தது. தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: சிவப்பு வந்தால் ஃபெக்டரிச் சங்கை ஊதி, மலையில் வேலையை நிறுத்தி, கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும். சிவப்பு வராவிட்டால் வேலை வழமைபோல நடக்கும்.

தோட்டத்து மழைமானி தன் கணக்கைத் தானே அனுப்பும். அன்று காலை அது ஊமையாகிவிட்டது. சேர் என்னை அனுப்பினார். தலவாக்கலையில் பஸ் ஏறி, வட்டகொடையில் ஓட்டோ பிடித்து, தோட்ட ஒஃபீஸுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி. தொப்பலாக நனைந்திருந்தேன். கையாலேயே அளந்து பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு மில்லிமீட்டர். ஃபோனில் போட்டேன். இயந்திரம் ஒரு கணம் யோசித்து, ஏழாம் நம்பர் லயம், மஞ்சள் என்றது.

கண்டாக்கு கஜேந்திரன் எட்டிப் பார்த்தார். மலையில் வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் அவர். சிவப்பு வந்தால் சங்கு ஊதச் சொல்லும் பொறுப்பும் அவருடையது.

"மஞ்சள்தானே மிஸ்? அப்ப பயமில்ல. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்ததுக்கு லயத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஏறினேன்.

ஏழாம் நம்பர் லயம் மலையை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நின்றது. பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ஒற்றை அறை, நாற்பத்தொரு பேர். கடைசிக் காம்பரா நாகலெட்சுமி அக்காவுடையது. கொழுந்து எடுக்கிறவர். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு என்பதால் பெண்பிள்ளைகள் இரண்டும் வீட்டில் இருந்தன. கால் சுளுக்கியதால் அக்காவும் அன்று வேலைக்குப் போகவில்லை. நான் போனபோது அவர் வாசற்கதவைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. இந்தக் கதவப் பாத்தீங்களா? மழைக்கு ஊறிப்போயி மூட மாட்டேங்குது. பன்னி மாதிரி குந்திக்கிட்டு இருக்கு."

நானும் சேர்ந்து தள்ளினேன். அசையவில்லை. போன வியாழக்கிழமை கேள்வி கேட்க வந்தபோது இதே கதவை நான்தான் சாத்தினேன். ஒரு விரலால் தள்ளினேன், மூடிக்கொண்டது. நிமிர்ந்து கதவு நிலையைப் பார்த்தேன். மேல்பக்கம் ஒரு மூலை கீழே இறங்கியிருந்தது.

இருபத்திரண்டாவது கேள்வி: கதவு, ஜன்னல் இறுகியிருக்கிறதா? 'ஆம்' என்று மாற்றினேன். சிவப்பு வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள்.

எங்கள் இயந்திரத்தில் 'ஏன்?' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால், எந்த விதியால் எந்த முடிவுக்கு வந்தேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லும். தானாகப் படிக்கும் பெரிய இயந்திரங்களிடம் இப்படி நேராக ஒரு பதில் வாங்க முடியாது. இதுதான் எங்களுக்குப் பெருமை. அமுக்கினேன்.

'கதவு இறுகியிருக்கிறது. சுவரில் வெடிப்பு இல்லை. ஆகவே மண் நகரவில்லை. மழையில் மரம் ஊறியிருக்கிறது.'

நாகலெட்சுமி அக்கா சொன்ன அதே சமாதானம். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

வெடிப்பு இல்லை என்று யார் சொன்னது? கீழே பெயர் இருந்தது. தகவல் பதிந்தவர்: நிலக்ஷி. நான்தான் பதிந்தேன். பன்னிரண்டு காம்பராவிலும் என் கண்ணால் சுவரைப் பார்த்து, 'இல்லை, இல்லை' என்று பன்னிரண்டு தடவை அமுக்கினேன். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுச் சுண்ணாம்பு.

அந்த இடத்திலேயே என்னை நான் செருப்பால் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வயதில் எங்கள் லயத்தைப் பார்க்கத் தோட்ட மனேஜர் துரை வருகிறார் என்றால் முதல்நாளே வேலை தொடங்கிவிடும். சாக்கடைக் கானைக் கூட்டுவோம். கோடிப்புறத்துப் புல்லைச் செதுக்குவோம். சுவரில் வெடிப்பு ஓட்டை எது இருந்தாலும் செம்மண்ணைக் குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிவிடுவோம். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. துரை வந்து பார்க்கும்போது லயம் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். வருகிறவர் முன்னால் வீட்டை அசிங்கமாகக் காட்டுவதா? எவரும் சொல்லித் தரவில்லை, எங்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

அப்படி இருந்தும் நான் என்ன செய்தேன்? இரண்டு நாள் முன்னதாக லயத்துத் தலைவர் வீரய்யாவுக்கு மரியாதையாக ஃபோன் போட்டு, "அண்ணே, வியாழக்கிழமை கெம்பஸ் ஐயாமாரோட வீடு பாக்க வர்றோம்" என்றேன். சுகிர்தன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதா?

"அக்கா, இந்தச் செவத்துல வெடிப்பு இருந்துச்சா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களே."

"நாங்க வர்றோம்னுதானே பூசுனீங்க?"

"சும்மா அழுக்கா இருந்துச்சு. அதான்."

"தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி இருந்தாக் குடுங்க. கொஞ்சம் சுரண்டிப் பாத்துட்டுத் தந்துர்றேன்."

"எதுக்குங்க?" அவர் சுவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். சுளுக்கிய காலோடு எப்படி அவ்வளவு வேகமாக நகர்ந்தார் என்று தெரியவில்லை. "போன கெழம பூசுன செவரு. சுரண்டாதீங்க தங்கச்சி."

நான் வெளியே வந்து சேருக்கு ஃபோன் போட்டேன். மழைச் சத்தத்தில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். நீங்களாகவே சிவப்பு என்று மாற்றிவிடுங்கள் என்றேன்.

"என்னால ஏலாது, நிலக்ஷி. வெடிப்பு இருக்கெண்டு பதிய நான் படம் பாக்கவேணும். அடுத்தடுத்த மூண்டு வீட்டில தொடர்ச்சியா ஓடுற வெடிப்பு. ஒரு வீட்டில மட்டும் எண்டால் அந்தச் சுவர் இறங்கியிருக்கும், மலை இறங்கேல்லை. இந்த விதி உமக்கும் தெரியும், நீர்தான் எழுதினீர். இண்டைக்கு நான் கையால மாத்தினால், நாளைக்கு இந்த மிசின்ர சொல்லை ஒருத்தரும் நம்பமாட்டினம்." பிறகு மெதுவாகச் சொன்னார். "படத்தை அனுப்பும். நான் ஃபோனைக் கையிலயே வைச்சிருக்கிறன்."

மணி பன்னிரண்டேகால். மூன்று வீடு. மூன்று சுவர். அவ்வளவுதான் வேண்டும். அதற்குள் பக்கத்துக் காம்பராக்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இருந்து இரண்டாவது ராக்காயியின் வீடு, மூன்றாவது வீரய்யாவின் வீடு. வீரய்யா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கொழும்பில் பெரிய தலைவர்களோடு நின்று பேசியவர். அவர் சொன்னால் லயம் கேட்கும்.

"என்னாங்க மிஸ், செவத்தச் சுரண்டுறீங்களாம்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைக் காட்டினேன். மறைக்காமல் என் பிழை என்றே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கீழே மழைக்குள் தெரிந்த தகரக் கூரைகளைக் கையால் காட்டினார்.

"அந்தா, மேல்கணக்கு லயத்துக்காரவங்களுக்கு என்னா நடந்துச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு? ஏழு வருசத்துக்கு முன்னுக்கு இப்பிடித்தான் வந்தாங்க. வெடிப்பு இருக்கு, எறங்குங்கன்னாங்க. மூணு மாசத்துக்குன்னு தகரக் கொட்டில் போட்டுக் குடுத்தாங்க. பதினெட்டுக் குடும்பம். இன்னைக்கும் அந்தக் கொட்டில்லதான் இருக்காங்க. விட்டுட்டு வந்த லயத்துக்கும் போக வுடல, புது வீடும் இல்ல. மலையும் எறங்கல."

ராக்காயி பின்னாலிருந்து கத்தினார். "ஒங்களுக்கென்னா, படம் புடிச்சிக்கிட்டு போயிருவீங்க! இந்த மூணு முழக் காம்பராவும் போச்சுன்னா எம் புள்ளைகள எங்க படுக்க வைக்கிறது?"

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக. கொல்லைப்பக்கம் ஊற்றுக் குழாயில் வந்த தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் கலங்கி வந்தது, மலைக்குள் மண் கரைகிறது. அதையும் பதிந்தேன். இயந்திரம் மஞ்சளை விட்டு அசையவில்லை. வெடிப்பு இல்லை, வெடிப்பு இல்லை என்று அதே பாட்டு. நான் சொல்லிக் கொடுத்த பாட்டு.

"ஒங்க கால்ல விழுறேன் அண்ணே. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எறங்குங்க."

"இன்னைக்கு எறங்குனா நாளைக்கு ஏற வுடமாட்டாங்க. அத நீங்க தடுப்பீங்களா?"

என்னால் முடியாது. நான் ஆராய்ச்சி உதவியாளர். ஒரு வருட ஒப்பந்தம். தோட்டத்துக் கதவு ஒன்றைத் திறக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்லை.

"தடுப்பேன்" என்றேன்.

வீரய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயால சொன்னா ஆகாது." உள்ளே போய், சாமி படத்துக்கு முன்னாலிருந்த தட்டையும் சூடத்தையும் எடுத்துக்கொண்டு வந்து, ராக்காயி வாசலில் சாரல் படாத இடத்தில் வைத்தார். "சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இந்த லயத்து ஆளுகள்ல ஒருத்தரும் தகரக் கொட்டிலுக்குப் போக மாட்டாங்க, வீடு கெடைக்கும்னு."

தோட்டத்தில் எத்தனையோ சண்டை இதோடு தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். திருட்டு, சந்தேகம், அண்ணன் தம்பி பகை. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது. எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு என்று சேரிடம் பெருமையடித்திருக்கிறேன். தீக்குச்சி உரசும் சத்தத்தைக் கேட்டபோது அந்தப் பெருமையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவின் முகம் வந்தது. பயம் பயமாக வந்தது.

சூடம் எரிந்தது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். மலைக்குள் எங்கேயோ கல் உருண்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதா தெரியாது.

"இந்த லயத்து ஆளுக ஒருத்தரும் தகரக் கொட்டிலுக்குப் போக மாட்டாங்க. எல்லாருக்கும் வீடு கெடைக்கும். இது சத்தியம்."

உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் சுட்டது.

ஒருவரும் அசையவில்லை. வீரய்யா யோசித்துக்கொண்டு நின்றார். ராக்காயி பிள்ளையை இடுப்பில் மாற்றினார். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகமாகப் போனது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நான் பொய்ச் சத்தியமும் பண்ணி இவர்களையும் சாகக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன் என்று நினைத்தேன். அப்போது நாகலெட்சுமி அக்கா நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். என்னிடம் தரவில்லை. "சாமிக்கு முன்னால சொல்லிட்டாங்க. அதுக்கு மேல என்னா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தானே போய்ச் சுவரில் கத்தியைப் பாய்ச்சி மேலிருந்து கீழாக இழுத்தார்.

சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே ஈரச் செம்மண். அதை நோண்டினார். அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு வாய் திறந்தது. என் கை முழுதாக உள்ளே போனது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டிய மண் அங்கே இல்லை.

பிறகு ராக்காயியே தன் வீட்டுச் சுவரைச் சுரண்டினார். வீரய்யா கோடரியை எடுத்தார். ஒரே வெடிப்பு, மூன்று வீட்டையும் கோத்துக்கொண்டு போயிருந்தது. மூன்று படம். முதல் படம் தெளிவில்லை என்று சேர் திருப்பி அனுப்பினார். அடி நாயே என்று ஃபோனைத் திட்டினேன். இரண்டாம் தடவை எடுத்தேன். அனுப்பினேன்.

சிவப்பு.

மணி ஒன்று ஐம்பது. ஐந்து நிமிஷத்தில் ஃபெக்டரிச் சங்கு ஊதியது. ஊதக் கூடாத நேரத்தில் ஊதியதால் மலையில் இருந்தவர்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். கஜேந்திரன் குடையை எங்கோ எறிந்துவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு! பள்ளிக்கூடத்துக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். டீ குடியுங்கள் என்று சொன்ன அதே மனிதர், நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். அடையாள அட்டை, பள்ளிக்கூடப் பை, அரிசி வாளி, ஒரு டீவி. நாகலெட்சுமி அக்கா பிள்ளைகள் இரண்டையும் முன்னால் விட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கடைசியாக வந்தார். திரும்பி ஒரு தடவை வீட்டைப் பார்த்தார். கதவு திறந்தபடியே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வீரய்யா பெயர் சொல்லி எண்ணினார். நாற்பது. மறுபடி எண்ணினார். நாற்பது. பிறகு ராக்காயியின் சேலைக்குள் ஒரு கைக்குழந்தை முனகியது. நாற்பத்தொன்று.

மூன்று இருபதுக்கு மலை இறங்கியது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு பெரிய லொறி கல் கொட்டிவிட்டு, கொட்டிக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துத் தரை அதிர்ந்தது. புழுதி எழும்பவில்லை, எல்லாம் சேறு. ஏழாம் நம்பர் லயம் இருந்த இடத்தில் சிவந்த மண்ணும் வேரோடு புரண்ட தேயிலையும் கிடந்தன. அழுகைச் சத்தம் எழும்பியது.

இதெல்லாம் எட்டு மாதத்துக்கு முந்திய கதை. பத்திரிகைகளில் 'நாற்பத்தொரு உயிரைக் காத்த செயற்கை நுண்ணறிவு' என்று வந்தது. சேர் நேர்மையானவர். மாநாட்டுக் கட்டுரையில் எங்கள் பிழையையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார். 'சுவர் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் வெடிப்பு இருப்பதாகவே கொள்க' என்று புது விதி ஒன்றைச் சேர்த்தோம். கொழும்பு ஹோட்டலில் அவர் அதை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏனென்றால் அந்த நாற்பத்தொரு பேரும் இப்போது விளையாட்டு மைதானத்து ஓரத்தில், தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு என்றுதான் போட்டுக் கொடுத்தார்கள். பிரதேச செயலகத்துக்கு ஏழு தடவை போய்விட்டேன். ஏழு தடவையும் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொட்டில் பக்கம் போகத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வெயில் அடித்தது. தகரம் கொதித்தது. நாகலெட்சுமி அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாயை விரித்தார். பிள்ளையைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒரு குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணேன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்து வந்த வார்த்தை எதுவும் வரவில்லை. "வீடு வாங்கிக் குடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் கெடயாது. ஒங்கள ஏமாத்திட்டேன்."

அவர் புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"இப்பத் தெரியும். அன்னைக்கு..."

"அன்னைக்கே தெரியும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசியவர்.

"நீ எங்கள மாதிரி லயத்துல பொறந்த புள்ள. பொய்ச் சத்தியம் என்னா செய்யும்னு ஒனக்குத் தெரியும். சூடத்துக்கு முன்னுக்கு ஒம் மூஞ்சியப் பாத்தேன். செத்த பொணமாட்டம் இருந்துச்சு. பொய்தான் சொல்றேன்னு பாத்தவொடன வெளங்கிருச்சு. அப்பத்தான் யோசிச்சேன். இவ்வளவு தெரிஞ்ச புள்ள, குடும்பம் அழிஞ்சாலும் பரவாயில்லன்னு சாமிக்கு முன்னுக்கு பொய் சொல்லுதுன்னா, மலை எறங்கத்தான் போவுது. அதுக்கு முன்ன வரைக்கும் நம்பல. மிசின் சொன்னதையும் நம்பல, நீ சொன்னதையும் நம்பல."

அவர் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அதான் கத்திய எடுத்தேன். நீ சொல்றது பொய்னு மத்தவங்களுக்கு வெளங்கியிருந்தா ஒருத்தரும் எறங்கியிருக்க மாட்டாங்க."

பிள்ளை தண்ணீர் கொண்டுவந்தது. குடித்தேன். அழுகையோடு சேர்ந்து இறங்கியது. அழுது முடியும்வரை அவர் காத்திருந்தார். தேற்றவில்லை.

"அழுது என்னா செய்யிற? சொன்னது சொன்னதுதான். சாமிக்கு முன்னால சொன்ன வார்த்தை. அத நெசமாக்கு." என் பையில் துருத்திக்கொண்டிருந்த செயலகக் கடிதக் கட்டைக் கண்ணால் காட்டினார். "அந்த ஒஃபீஸுக்கு அடுத்து எப்பப் போற?"

"புதன்கெழம."

"நானும் வர்றேன். வீரய்யாண்ணனையும் கூட்டிக்குவோம்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.